கூட்டுக் கிணற்றில் எட்டாவது பெயர்

வயசான பிறகு எழுத்து படித்த நாளிலிருந்து, பஸ்ஸில் போனால் ஒரு பலகையையும் நான் விடுவதில்லை. மகள் வீட்டிலிருந்து திரும்பிய அன்றும் வேப்பந்தட்டையில் இறங்கி ஒரு பேனரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். "கண்ணீர் அஞ்சலி" வரை சந்தோஷமாகத்தான் வாசித்தேன். அடுத்த வரியில் "செல்வக்குமார்" என்றிருந்தது. தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று மறுபடியும் கூட்டினேன். படத்தில் என் தம்பி முறைக்காரரின் மகன், நம் செல்வக்குமார்தான் இருந்தான்.

நம் கூட்டுக் கிணற்றில் எட்டுக் குடும்பத்துக்குப் பங்கு. கோடையில் யார் முதலில் இறைப்பது என்று சீட்டுக் குலுக்கினால், மடிப்பைப் பார்த்து எடுத்துவிட்டதாகச் சண்டை வரும். கம்ப்யூட்டர் வேலை பார்த்த செல்வக்குமார், போனே பெயர்களைக் குலுக்கும்படி செய்து கொடுத்தான். பதினைந்து நாளுக்கு ஒரு குலுக்கல். வரிசையை நோட்டில் எழுதும் வேலையை, எழுதிப் பழக நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த கோடையின் முதல் குலுக்கலில் அவன் அப்பா பெயர் முதலாவது, என் பெயர் எட்டாவது. எட்டாவது ஆளுக்குச் சேறுதான் கிடைக்கும். சின்ன வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. மெதுவாக எழுதுகிற என் கை அன்று தானாக ஓடியது. போன கோடையின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். எட்டுப் பெயரும் அதே வரிசையில் இருந்தன.

"கம்ப்யூட்டருக்கும் இவங்கப்பன்தான் செல்லமாட்டம் இருக்கு!" என்றாள் கிணற்றில் பங்கு உள்ள மாரியாயி.

செல்வக்குமார் நோட்டை வாங்கி இரண்டு பக்கத்தையும் ஒத்துப் பார்த்தான். "தப்பு என்னோடதுதான் பெரியப்பா. எங்கேர்ந்து தொடங்கணும்னு சொல்லாம வுட்டுட்டேன். சொல்லலேன்னா ஒவ்வொரு கோடையும் புதுசா ஆரம்பிக்கிறப்ப அது ஒரே இடத்துலேர்ந்துதான் குலுக்குது."

எல்லார் முன்னாலும் தன் அப்பாவின் முறையை எனக்குக் கொடுத்தான். வெங்காயம் பிழைத்தது. அவன் அப்பா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

அதோடு அவன் விடவில்லை. "குலுக்குற பகுதி நான் எழுதினதில்ல. எல்லாரும் எடுத்துக்கிற பொதுச் சரக்கு. வேற ஊர்லயும் ஒருத்தர் எட்டாவதா நிப்பாருல்ல?" என்றான். யாரும் சொல்லாவிட்டாலும் அது ஒவ்வொரு முறையும் புது இடத்தில் தொடங்க வேண்டும் என்று, அதைப் பராமரிப்பவர்களுக்கு இரண்டு வருஷம் எழுதினான். அவர்கள் மறுத்தார்கள்.

"இன்னுமாடா ஒத்துக்கல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவங்க பக்கமும் ஞாயம் இருக்கு. சோதிச்சுப் பாக்குறவங்களுக்கு அதே வரிசை வேணும். கேக்குறவங்களுக்குக் குடுக்கட்டும். கேக்காதவங்க தலையில எதுக்குக் கட்டணும்?"

அவன் இறந்த பதினாறாம் நாள் அவன் மனைவி போனை எடுத்து வந்தாள். "இவங்க சொன்னத ஏத்துக்கிட்டாங்க மாமா. திருத்துனவங்க பட்டியல்ல இவங்க பேரும் இருக்கு."

பட்டியல் இங்கிலீஷில் இருந்தது. அவன் பெயர் எது என்று விரலால் காட்டச் சொன்னேன். குலுக்கல் நோட்டில், என் பெயர் எட்டாவதாக வந்த அந்த வரிசைக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வரைந்து வைத்துக்கொண்டேன். எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் நான் எழுதிய ஒரே பெயர் அது. எழுத்துக் கூட்டாமலே வாசித்துவிடுகிறேன்.