எல்லாருக்கும் பதில் போட்டவள்

"வாழ்த்துகள்! வாழ்த்துகள்! இன்றைய அதிர்ஷ்டசாலி நீங்கள்தான்!"

கூடத்திலிருந்து ஒரு பெண்குரல் எக்காளம் முழங்கக் கத்தியது. சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். காலையிலிருந்து இது ஒன்பதாவது வாழ்த்து.

"உன் அதிர்ஷ்டம் கூப்பிடுது, போய் என்னன்னு கேளு," என்றார் கணவர், கண்ணைத் திறக்காமலே. முப்பது வருஷம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஹாரன் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய மனிதர்.

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அவள் கணினியின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். திரை முழுக்க ஒரு தங்க நிறப் பெட்டி. அதை மூடினால் அடியில் தலைமுடி வளர்க்கும் எண்ணெய். அதையும் மூடினால் முழங்கால் வலிக்கு மாத்திரை. வெங்காயம் உரிப்பதுபோல உரித்துக்கொண்டே போக வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில்தான் அவளுடைய மின்னஞ்சல் கடிதப் பெட்டி இருந்தது.

மகளின் பெயர் மேலே இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. நேற்றும் இல்லை. முந்தாநாளும் இல்லை.

இருபத்தாறு வருஷம் ஒரு பெரிய மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள் அவள். ஆபரேட்டரம்மா என்றுதான் அங்கே எல்லாரும் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே சொல்லிக் கொடுத்தார்கள்: எந்த அழைப்பையும் பதில் சொல்லாமல் விடாதே; முதலில் வந்தவருக்கு முதலில் பதில். குடிகாரன் கூப்பிட்டாலும், எண் தவறிக் கூப்பிட்டாலும், "வணக்கம்" என்று தொடங்கி "மன்னிக்கணும்" என்று முடிப்பாள். அந்தக் குரலுக்காகவே நோயாளிகளின் உறவினர்கள் அவளைத் தேடி வந்து பார்த்துவிட்டுப் போவதுண்டு.

இத்தனை வருஷத்தில் பாதியில் அவள் துண்டித்த அழைப்பு ஒன்றே ஒன்றுதான். அதுவும் வீட்டுத் தொலைபேசியில். பத்து மாதத்துக்கு முன்னால், கணவனைப் பிரிந்து தனி அறையெடுத்துத் தங்கியிருப்பதாக மகள் சொன்னபோது, "முதல்ல உன் புருஷன் வீட்டுக்குப் போ. அப்புறம் என்கிட்ட பேசு," என்று சொல்லிப் பட்டென்று வைத்துவிட்டாள். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன்பிறகு மகள் கூப்பிடவே இல்லை. வீம்பில் தாயும் கூப்பிடவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் தங்கைதான் நடுவில் புகுந்து பேசிவிட்டுச் சொன்னாள்: "போன்ல பேசினா மறுபடியும் சண்டை வருமாம்க்கா. யோசிச்சு உனக்கு மெயில் எழுதறேன்னு சொல்லியிருக்கா. பொறுத்துக்கோ."

அன்றிலிருந்து இந்த நாற்காலிதான் அவளுக்குக் கோயில்.

வாசல் மணி அடித்தது. கணினி பழுது பார்க்கிற கடைக்காரர். ஐம்பது வயதிருக்கும், பருத்த உடம்பு. மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"லிஃப்ட் எப்பக்கா போடுவாங்க?"

"என் பேரன் காலத்துல போடுவாங்க," என்றார் கணவர். "தண்ணி குடிங்க. அப்புறம் இந்தப் பேயை ஓட்டுங்க."

கடைக்காரர் திரையைப் பார்த்தார். அடுத்தடுத்து எங்கெங்கோ தட்டினார். "ஏங்க்கா, நாப்பத்தேழு இணையதளத்துக்கு அறிவிப்பு அனுப்ப அனுமதி கொடுத்து வச்சிருக்கீங்க?"

"அனுமதி வேணுமான்னு கேட்டுச்சு தம்பி. கேக்கறவங்ககிட்ட முகத்துல அடிச்ச மாதிரி மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"முகமே இல்லாதவனுக்குத்தான் இவ்வளவு மரியாதை," என்று முணுமுணுத்தார் கணவர். "லெட்டர் பெட்டியைப் பாருங்க, அங்க இன்னும் கூத்து. எல்லா விளம்பரத்துக்கும் வரிசையா பதில் போடறா. எங்கயோ ஒரு இளவரசன் சொத்தெல்லாம் இவ பேர்ல எழுதி வைக்கறானாம். அவனுக்கு என்ன எழுதினா தெரியுமா? 'உங்கள் அன்புக்கு நன்றி, எங்களுக்கு இருப்பதே போதும்'னு!"

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "பதில் போடாம விட்டா பாவம், காத்துக்கிட்டு இருப்பாங்களேன்னுதான்..."

"அக்கா, அதெல்லாம் மெஷின் அனுப்பறது. நீங்க ஒண்ணுக்குப் பதில் போட்டா, இந்த வீட்டுல ஆள் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு பத்தா அனுப்பும். நீங்களே தீனி போட்டு வளர்த்திருக்கீங்க."

சொல்லிக்கொண்டே கடிதப் பெட்டியைத் திறந்தவர் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

"பெட்டி நிரம்பிப் போச்சேக்கா. கடைசியா லெட்டர் வந்து ஏழு வாரம் ஆச்சு."

"தினமும் பார்க்கறேனே தம்பி?"

"பழசையேதான் பார்த்துட்டு இருந்திருக்கீங்க. தேதியைப் பாருங்க. இடமில்லாததால, யாரு எழுதியிருந்தாலும் ஏத்துக்காம அனுப்பினவங்களுக்கே திருப்பி விட்டிருக்கும்."

அவள் திரைக்கு அருகில் குனிந்து பார்த்தாள். தேதியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லையே! அடியிலிருந்து வரிசை தவறாமல், ஒரு நாளைக்கு இருபது பேர் வீதம், முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாளே!

தங்கையின் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் குரல் சுரத்தில்லாமல் வந்தது.

"என்னக்கா, இப்பதான் என் ஞாபகம் வந்துச்சா?"

"அவ எழுதினாளாடி?"

"தெரியாத மாதிரி கேக்கறியே! மூணு தடவை எழுதினா. மூணும் திரும்பி வந்துச்சு. அம்மா என்னை வேணாம்னு தள்ளிட்டாங்க சித்தின்னு என் மடியில விழுந்து அழுதா. அந்தக் கோவத்துலதான் நானும் உன்கிட்ட பேசல."

"ஐயோ, நான் தள்ளலடி..." கணவர் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார்.

கடைக்காரர் அவர்களைப் பார்க்காததுபோலத் திரும்பி உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார். நாற்பத்தேழு அனுமதிகளையும் ரத்து செய்தார். பரிசு விழுந்ததாக நம்பி கணவர் இறக்கி வைத்திருந்த மூன்று நிரல்களைப் பிடுங்கி எறிந்தார். விளம்பரப் பெட்டிகளைத் தடுக்கும் ஒன்றைப் போட்டார். வேண்டாத கடிதங்களைத் தனியே ஒதுக்கும் வடிகட்டியை முடுக்கினார். ஆயிரக்கணக்கான கடிதங்கள் ஒரே அழுத்தில் மறைந்தன. திரை, ஆள் காலிசெய்துபோன வீடுபோல வெறிச்சென்றிருந்தது.

"சோதனைக்கு யாருக்காவது ஒண்ணு அனுப்புங்கக்கா," என்றார்.

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள்.

'பெட்டி நிரம்பி உன் கடிதம் திரும்பியிருக்கிறது. இன்றுதான் தெரிந்தது. நான் தள்ளவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்றுகூட உன்னைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். சொல்லுவாயா?'

அனுப்பியாயிற்று. அவர் மற்ற வேலைகளை முடிக்கிற வரைக்கும், அரைமணி நேரம், அவள் வெற்றுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் வரவில்லை. அழுவதற்குக்கூடத் தெம்பில்லாத ஓர் அலுப்பு உடம்பெல்லாம் இறங்கியது.

"பத்து மாசம் கழிச்சுக் கேட்டா யாரு பதில் சொல்லுவா?" என்றாள் தனக்குள்.

கருவிகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டுக் கடைக்காரர் குனிந்தார். "ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன். வடிகட்டி புதுசு, அதுக்கு உங்க சொந்தபந்தம் யாருன்னு தெரியாது. வாரம் ஒரு தடவை இந்தக் குப்பைப் பெட்டியையும் திறந்து பார்த்துடுங்க."

திறந்து காட்டினார். எண்ணெய் விளம்பரம் ஒன்று, மாத்திரை விளம்பரம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில், இருபது நிமிஷத்துக்கு முன்னால் வந்த மகளின் கடிதம்.

'திரும்பி வந்த மூணையும் அழிக்காம வச்சிருக்கேன்மா. எல்லாம் அதுல இருக்கு. படிச்சா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். அனுப்பட்டுமா?'

"இதை எப்படி வெளிய எடுக்கறது தம்பி?" என்றாள் அவள்.

"மேல பாருங்க. 'இது குப்பை அல்ல'ன்னு ஒரு பொத்தான் இருக்கு."

அழுத்தினாள். போதாதென்று தோன்றியதோ என்னவோ, இன்னொரு முறையும் அழுத்தினாள். கண்ணீர் விசைப்பலகையில் விழ, கணவர் துண்டை எடுத்து நீட்டினார். "இதுக்கு உடனே பதில் போடு. வரிசையெல்லாம் பார்க்காதே," என்றார்.

'அனுப்பு' என்று அவள் தட்டத் தொடங்கினாள்.

"நான் வரேன்க்கா," என்றார் கடைக்காரர். அது அவள் காதில் விழவே இல்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார். அவர் கீழ்த் தளத்துக்குத் திரும்புகிற வரை பார்த்து நின்ற கணவர், உள்ளே சத்தம் கேட்காதபடி கதவை மெல்லச் சாத்தினார்.