நியூபவுண்ட்லாண்டில் ஒரு சம்பந்தம்

2011ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், சுவிட்சர்லாந்தில், சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான டீட்டிகோனில் என் அக்கா வீட்டில், ஒரு ஞாயிறு பின்னேரம் நடந்தது இது.

அக்காவின் மகளுக்குக் கனடாவில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருந்தது. அவளும் மாப்பிள்ளையும் கோடையில் சூரிச்சில் சந்தித்துப் பேசி, ஒருவரையொருவர் பிடித்தும் போயிற்று. மாப்பிள்ளையின் பெற்றோர் ரொறன்ரோவில் இருந்தார்கள். எங்களவர் பலரையும்போல அக்காவும் கனடா என்றால் ரொறன்ரோ என்றே நினைத்திருந்தார். மாப்பிள்ளைக்கு வேலை நியூபவுண்ட்லாண்டில், பிள்ளை வாழப்போவதும் அங்கேதான் என்பது அக்காவுக்கு அன்று காலைதான் தெரிந்தது. மாலையில் முடிவு கேட்டு அவர்கள் அழைப்பார்கள். அக்கா அவசரமாக என்னை வரவழைத்தார்.

“உது எங்கை கிடக்கு? நீதானே உதுகளைப் படிக்கிறனீ, சொல்லு.”

வரலாறு சொல்லு என்று யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் தெரியாது. அட்லஸை விரித்தேன். கனடாவின் கிழக்கு ஓரத்தில் ஒரு பெரிய தீவு, உண்மையில் ரொறன்ரோவைவிட எங்களுக்குக் கிட்ட என்றேன். அதுவரை நன்றாகத்தான் போனது. கோடையில் மீன்பிடிக்க வந்த ஆங்கிலேயரும் ஐரிஷ்காரரும் குளிருக்கும் தங்கிவிட, கரையெங்கும் சின்னச் சின்ன ஊர்கள் உண்டானதைச் சொன்னேன். 1949இல்தான் அது கனடாவோடு சேர்ந்தது என்றேன். பிறகு அரசாங்கம் அந்தச் சிற்றூர்களைக் காலிசெய்யச் சொன்னபோது, சிலர் மரவீட்டையே கடலில் மிதக்கவிட்டு, படகால் இழுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போன கதைக்கு வந்தேன்.

“நிப்பாட்டு!” என்றார் அக்கா. “வீட்டையே கடலிலை இழுத்துக்கொண்டு ஓடின இடத்துக்கோ என்ரை பிள்ளையை அனுப்பப் போறன்?”

“மாமா, கலியாணம் பேச வந்தனீங்களோ, குழப்ப வந்தனீங்களோ?” என்றாள் மருமகள்.

“அங்கை எங்கடை சனம் இருக்கோ? ஒரு வருத்தம் துன்பமெண்டால் ஆரைக் கூப்பிடுவாய்? நான் வேண்டாமெண்டு சொல்லப்போறன்” என்றார் அக்கா.

மருமகள் கோபப்படவில்லை. “அம்மா, நீங்கள் இஞ்சை வரேக்கை உங்களுக்கு ஆரைத் தெரியும்?”

“ஒருத்தரையும் தெரியாது” என்றார் அக்கா. பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

இங்கே வந்த முதல் குளிர்காலம். அத்தான் விடியவே வேலைக்குப் போய்விடுவார். கட்டடத்துக்கே பொதுவான சலவை மெசின் நிலவறையில். வீட்டுக்கொரு நாள் முறை. பாஷையும் தெரியாது, முறையும் தெரியாது. பயந்துபோய் அக்கா குளியலறையில் கையால் தோய்க்க, குளிருக்குக் கையெல்லாம் வெடித்துவிட்டது. கீழ்வீட்டுச் சுவிஸ் பெண் ஒருநாள் மாடிப்படியில் அந்தக் கைகளைக் கண்டார். ஒன்றும் கேட்காமல் அக்காவைக் கீழே கூட்டிப்போய், மெசினை இயக்கிக் காட்டி, தன் முறைநாளில் பாதியைக் கொடுத்துவிட்டார். இந்த நாட்டில் சலவை நாளைப் பங்குபோட்டுக் கொடுப்பது எத்தனை பெரிய காரியம் என்று இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

“அவ சிரிச்சா, நான் நிண்டு அழுதன்” என்றார் அக்கா.

அப்போது தொலைபேசி அடித்தது. அக்கா எடுத்தார். வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தார்.

“அங்கையும் அப்பிடி ஒருத்தி இருப்பாள்தானே?”

“ஓம், அம்மா.”

“எங்களுக்குச் சம்மதம்” என்றார் அக்கா தொலைபேசியில்.

அக்கா இன்று இல்லை. மருமகளின் பிள்ளைகள் அந்தக் கடற்கரையில்தான் வளர்கிறார்கள். மக்கள் ஊர்விட்டு ஊர் குடியேறிய கதைகளை இன்றும் எந்த ஆண்டு என்று குறித்துக்கொண்டுதான் வாசிக்கிறேன். ஆனால் அப்படிக் குறிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் பின்னால், முன்பின் தெரியாத ஒருத்தியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போன யாரோ ஒருத்தி இருந்திருப்பாள் என்று இப்போது எனக்குத் தெரியும்.