அவள் பாடி வைத்த பாதி

என் மனைவியின் செல்போன் இன்னும் சமையல் மேடையில்தான் இருக்கிறது. அவள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நான் அதை அணைக்கவில்லை, தினமும் சார்ஜ் போடுகிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அது தானாக அதிர்ந்து மேடையில் கொஞ்சம் நகரும். எடுத்துப் பார்த்தால், 'உங்களுடன் ஒருவர் சேர்ந்து பாடியிருக்கிறார்' என்று வந்திருக்கும்.

செத்துப்போனவளோடு பாட ஈரோட்டிலிருந்து ஒருவன் வருகிறான், மலேசியாவிலிருந்து ஒருவன் வருகிறான். முதலில் பயந்தேன். பிறகு கோபம் வந்தது. இப்போது ஒரு வாரம் அதிராமல் கிடந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அது கரோக்கே பாடுகிற ஆப். டூயட்டில் ஒருவர் தன் பாதியை மட்டும் பாடி ஏற்றி வைக்கலாம். மறுபாதி காலியாக இருக்கும். யாருக்கு இஷ்டமோ அவர்கள் அதில் வந்து பாடிச் சேர்த்துக்கொள்ளலாம். என் மனைவி பெண் பாதியைப் பாடி, ஆண் பாதியைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

வடசென்னையில் பொழுதுபோக்கு என்று என்ன இருக்கிறது என்று அடையாறு பக்கத்து ஆட்கள் கேட்பார்கள். கேரம் இருக்கிறது, ஃபுட்பால் இருக்கிறது, காசிமேட்டில் காற்று இருக்கிறது, இன்னும் என்ன வேண்டுமாம்? என் மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை கரோக்கே இருந்தது. ராயபுரத்தில் ஒரு இனிப்புக் கடையின் மாடி. சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கரும் ஒரு லேப்டாப்பும் வைத்து ஆரம்பிப்பார்கள். நடத்துகிறவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த மளிகை மொத்த வியாபாரி. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

நான் அவளை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கீழே நின்று பக்கோடா தின்பேன். மேலே போகமாட்டேன். எனக்கும் சுமாராகப் பாட வரும், அது அவளுக்குத் தெரியும்.

"யோவ், ஒரே ஒரு பாட்டு எங்கூட பாடேன்யா" என்பாள்.

"ஷிப்ட் பாக்கறவனுக்குப் பாட்டு ஒரு கேடா" என்பேன்.

எனக்கு மணலியில் ஒரு கம்பெனியில் பம்ப் பார்க்கிற வேலை. வாரம் தவறாமல் ஷிப்ட் மாறும். அதைச் சொல்லியே முப்பது வருடம் தப்பித்தேன். அதனால் அந்த மாடியில் அவளுடைய டூயட்டுகளுக்கு ஆண் குரல், காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற ஒரு அக்காதான். ஏலம் கூவிக் கூவிக் கனத்துப்போன குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மீசை வைத்த ஆள் பாடுகிற மாதிரியே இருக்கும்.

போன ஆடியில் மூன்றே நாள் காய்ச்சல், அவள் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீடு காலியானதும் அந்த போனை எடுத்து அவளுடைய கடைசிப் பாட்டைப் போட்டேன். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு இதே சமையல் மேடை முன்னால் நின்று பாடியிருக்கிறாள். குரல் சுத்தமாக விழுந்திருந்தது. கூடவே வீட்டுச் சத்தமும் விழுந்திருந்தது. எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் யார்டை ஒட்டி இருக்கிறது. முதல் சரணத்துக்கு நடுவில் என்ஜின் ஊதுகிறது, அவள் நிறுத்தாமல் பாடுகிறாள்.

இரண்டாவது சரணத்தில் அவளுடைய கடைசி வரி முடிகிற இடத்தில் இன்னொரு குரல்.

"இன்னாமே, டீ வருமா வராதா? எப்பப் பாரு கத்திகினு கீற!"

நான்தான். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்திருப்பேன். அன்றைக்கு டீ வந்தது, குடித்தேன், படுத்தேன். எனக்கு ஞாபகம் இருப்பது அவ்வளவுதான். போனைக் கட்டிலில் வீசிவிட்டு வாசலில் போய் நின்றேன். இந்த முப்பது வருடத்தில் இதைவிட மோசமாக எத்தனையோ சொல்லியிருக்கிறேன், அதெல்லாம் காற்றோடு போனது. இது மட்டும் மாட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டை நூறு தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் என் குரல் வருவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்திவிடுவேன். சேர்ந்து பாடுகிறவர்கள் பாட்டையும் அப்படித்தான் கேட்பேன். மலேசியாக்காரர் கீழே எழுதியிருந்தார்: 'கடைசி வரிக்குக் காத்துக்கொண்டே இருந்தேன் சகோதரி.' அங்கே எல்லோரும் எதையாவது புகழ்ந்து எழுதுவார்கள், அதில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

இந்த வாரம் அண்ணாச்சி போன் செய்தார்.

"வருசம் திரும்புதுல்லா. ஞாயித்துக்கிழமை அவுக பாட்டைப் போடப்போறோம். ஆம்பள பாட்டு நீங்கதான் பாடணும்."

"முழுசா கேட்டீங்களா?" என்றேன்.

"எங்க கேக்க? ரெண்டு நிமிசத்துக்கு மேல முடியல. நிப்பாட்டிட்டேன்."

நான் முடியாது என்றேன். அவர் பக்கத்திலிருந்த மீன் ஏல அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ வராங்காட்டி போயேன். நான் பாடிக்கறேன். எப்பவும் நாந்தான அதுக்கு சோடி?"

அவள் பாடினால் என் கத்தல் மாடி முழுக்கக் கேட்கும். அங்கே என் மனைவியை ராணி மாதிரி வைத்திருந்தார்கள். வீட்டில் அவள் எப்படி இருந்தாள் என்பது ஒருவருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். வெட்கம்தான், வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

அதனால் ஒரு திட்டம் போட்டேன். அந்த இடத்தில் அவள் வரி முடிந்ததும் ஆண் வரி வருகிறது. நான் ஒரு மூச்சு முன்னதாகவே எடுத்து, தொண்டை கிழியப் பாடிவிட்டால் என் கத்தல் அதற்கடியில் அமுங்கிவிடும். அதை ஒரே தடவைதான் கேட்டிருக்கிறேன், ஆனாலும் எவ்வளவு நீளம் என்பது மனப்பாடம். நான்கு நாள் மொட்டை மாடியில் நின்று பழகினேன். அந்த இடம்வரை அவளோடு, அதற்கு மேல் தனியாக.

ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக அந்தப் படியில் ஏறினேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் அவள் ஒருமுறை தொண்டையைச் செருமினாள். பெரிய ஸ்பீக்கரில் அது பக்கத்தில் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. நான் திரும்பியே பார்த்துவிட்டேன்.

பாடினாள், பாடினேன். என்ஜின் ஊதியபோது, "கொருக்குப்பேட்ட வந்துட்சி!" என்று அக்கா கத்த, அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். இரண்டாவது சரணம் வந்தது. அதில் அவளுடைய கடைசி வரி முடிவதற்குள்ளேயே நான் பாய்ந்தேன். சுருதி எங்கேயோ போனது, அதைப் பற்றி யாருக்குக் கவலை? அந்தக் கத்தல் எனக்கே கேட்கவில்லை என்றால் மற்றவர்களுக்கு எப்படிக் கேட்கும்? துக்கத்தில் பாடுகிறேன் என்று நினைத்துக் கை தட்டினார்கள். தப்பித்தோமடா என்று இருந்தது. மீதி இருந்த என் மூன்று வரியை நிம்மதியாகவே பாடினேன்.

கடைசி வரி இரண்டு பேரும் சேர்ந்து பாடுவது. அதில் அவள் குரலைத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று மைக்கைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டேன். அதை நான் கேட்டதே இல்லை, என் கத்தலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வரி. இசை சுற்றி வந்தது.

அவள் வரவில்லை.

ஏதோ கோளாறு என்று நினைத்து அண்ணாச்சி சத்தத்தைக் கூட்டினார். டக் டக் என்று லைட்டர் அடிக்கிற சத்தம் வந்தது. எங்கள் லைட்டர் மூன்றாவது அடிக்குத்தான் பற்றும். மூன்றாவதும் கேட்டது. பிறகு பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம்.

கை தட்டல் நின்றுபோனது.

"இன்னாது, எங்க பூட்ச்சி அது?" என்றாள் அக்கா.

மைக் என் கையில்தான் இருந்தது.

"நாந்தான் கத்தாதன்னு சொன்னேன்" என்றேன். "எனக்கு டீ போடப் போய்கீது."

ஸ்பீக்கரில் டம்ளர் கழுவுகிற சத்தம் வந்தது. பாட்டு அது பாட்டுக்கு ஓடி முடிந்தது. கடைசி வரியை நாங்கள் இரண்டு பேருமே பாடவில்லை.