மாமாவுக்காக நான் எழுதிய லீவு விண்ணப்பம்

எட்டாம் வகுப்பில் எங்கள் டீச்சர் இங்கிலீஷ் சொற்களை ஜோடி ஜோடியாகப் போர்டில் எழுதிப் போடுவார். சிவியர் பெயின், சீரியஸ் இன்ஜுரி, கிரீவஸ் ஹர்ட், பெர்மனென்ட் டேமேஜ். எது எதற்குத் துணை என்று மனப்பாடம் செய்ய வேண்டும். காயமும் கேடும் நிறைந்த அந்தப் பக்கம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சொல்லும்போதே வாய் நிறையும். முழங்கால் சிராய்ப்பைத் தவிர வேறு காயம் அறியாதவள் நான்.

அம்மாவின் தம்பி கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர். எழுபதுகளில் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோயிருந்தது. சர்க்கார் மீன்துறை ஆபீஸ் நடத்திய சங்குக் குளிப்புதான் சோறு போட்டது. ஒரு சீசன் நடுவில் மாமாவின் இடது காதில் சீழ் வைத்துவிட்டது.

"ஏளா மருமவளே, பதினஞ்சு நாள் லீவு கேட்டு எழுது. காது கொஞ்சம் வலிக்குன்னு போடு. புது ஆபீசரு வெளியூரு, இங்கிலீஷ்லதான் கேக்காரு."

'கொஞ்சம்' என்பதற்கு என் நோட்டில் ஜோடி இல்லை. இருந்த ஜோடிகளையெல்லாம் இறக்கிவிட்டு, உரக்க வாசித்தும் காட்டினேன். ஒரு சொல் புரியாமலே மாமா பூரித்துப்போனார்.

"யக்கா, கேட்டியா? வெடி கணக்கா வெடிக்கி!"

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "பதினஞ்சு நாளைக்கு இம்புட்டு வேணுமாளா? உப்புக் குறைஞ்சா போட்டுக்கிடலாம், கூடிட்டா என்ன செய்ய?"

"ஒனக்கு என்ன இங்கிலீஷ் தெரியும்?" என்றேன்.

மறுநாள் போன வேகத்திலேயே மாமா திரும்பி வந்தார். சங்கு குளிப்பவர்கள் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டார்களாம். காது நிரந்தரமாகக் கெட்டவனைக் கடலில் இறக்கினால் ஆபீஸ்தான் பதில் சொல்ல வேண்டுமாம்.

"காது கெட்டுப் போச்சுன்னு எவன் சொன்னான்? அந்தப் பயதான் கோள் மூட்டியிருக்கான்!" என்று குதித்தார். கூடவே மூழ்கும் கூட்டாளியைச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு காது கேட்காமலே குளித்தவர்கள் அன்றைக்கு எத்தனையோ பேர். மாமாவோ உப்பளத்துக்குக் கூடை சுமக்கப் போனார். கூட்டாளியைத் தெருவில் கண்டால் காறித் துப்பினார். பல வருஷத்துச் சிநேகிதம். அந்த மனுஷனும் ஒன்றும் புரியாமல் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

நாலைந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கரையில் ஏற்றிக் கிடந்த வள்ளத்தின் விளிம்பில் மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாமா, அவரு இல்ல. நாந்தான் அப்பிடி எழுதினேன்."

மாமா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, என்னைக் கண்டு சிரித்தார். "மணல் சுடலியாளா? செருப்பு எங்க?"

மன்னித்துவிட்டார் என்று வீட்டுக்கு ஓடி, இரண்டு தடவை சோறு வாங்கித் தின்றேன். மறுநாளும் மாமா கூட்டாளியைக் கண்டு துப்பினார்.

அதற்குள் அவருடைய இடது காது முழுச் செவிடாகியிருந்தது. வீட்டில் எல்லாரும் வலப்பக்கம் போய் நின்றுதான் பேசுவோம், நானும்தான். அன்று வள்ளத்தில் வலப்பக்கம் இடம் காலியாகத்தான் இருந்தது. நான் ஏன் அவரைச் சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் உட்கார்ந்தேன் என்பது அப்போது எனக்கே தெரியவில்லை.