கைபேசியில் காட்டிய நாடகம்

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடிய நாடகத்தை என் கணவருக்குக் காட்டியது களவா?

கட்டாரில் வேலை செய்யும் அவருக்கு அந்த அலைவரிசை கிடைக்காது. அதனால் எங்கள் ஊரான மண்டூரிலிருந்து தினமும் கைபேசியைத் திரைக்கு நேரே பிடித்து, என் சமூக வலைத்தளப் பக்கத்தில் நேரலை போட்டேன். "கை ஆடுது புள்ள, கதாநாயகிக்கு ரெண்டு தலை தெரியுது!" என்று சிரிப்பார். ஊராரும் பார்க்கத் தொடங்கினார்கள். பதிப்புரிமை பற்றி ஆங்கிலத்தில் வந்த எச்சரிக்கைகளை, வாசிக்கத் தெரிந்தும், வாசிக்காமல் தள்ளிவிட்டேன். ஒருநாள் அந்தத் தளத்தார் என் கணக்கையே மூடிவிட்டார்கள். பழைய கைபேசி முன்பே பழுதாகியிருந்ததால், மகளின் முதல் வருடப் படங்கள் அந்தக் கணக்கில் மட்டுமே இருந்தன.

"முதல் பல்லுப் படமும் போச்சா?" என்று மட்டும் கணவர் கேட்டார்.

இப்போது நாடகக் கதையை அவருக்கு வாயால்தான் சொல்கிறேன். மூடிய கணக்கிலிருந்து படங்களை மீட்டவர்கள் இருந்தால், வழி சொல்வீர்களா?