ஆறாம் வீட்டு ரத்தக்காட்டேரி

சூடேறிய வீடியோ "டெக்கு"க்கு ஒரு வாசனை உண்டு. தூசியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கருகப் போவதுபோல மூக்கில் ஏறும். ஓசூர்த் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஆறு கதவுகளோடு நீண்டு கிடந்த எங்கள் "லைன் வீட்டு"ப் பிள்ளைகளை, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வீட்டுக்கார அம்மா தன் கூடத்தில் உட்காரவைத்து, ஜன்னல்களில் போர்வை கட்டி, ஆளுக்கொரு கை வேகவைத்த நிலக்கடலை கொடுத்து, பெங்களூரிலிருந்து வந்த கேசட்டைப் போடுவார். நான் நாலாம் வகுப்பு படித்தபோது அப்படி ஓடியதுதான் நான் பார்த்த முதல் ரத்தக்காட்டேரிப் படம். படம் இங்கிலீஷில் இருந்தது. தெலுங்கு பேசும் அந்த அம்மாவுக்கும் இங்கிலீஷ் தெரியாதுதான், ஆனால் அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்!

"பாருங்கடா, பகலெல்லாம் பொட்டிக்குள்ள தூங்குவான், பொழுது சாஞ்சா எந்திரிப்பான். வெயிலு பட்டுச்சு, எரிஞ்சே போயிடுவான். கூப்புடாம எவன் வீட்டுக்குள்ளயும் வரமாட்டான், அது ஒண்ணுதான் அவன்கிட்ட நல்ல கொணம்."

திரையில் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஒரு முகமும் சிவந்த வாயும் தெரிந்தன. எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஆறாம் வீடு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனால் வாயைத் திறந்து, "நம்ம ஆறாம் வீட்டு ரத்தக்காட்டேரி மாதிரியே இருக்கான்" என்று சொன்னவள் நான்தான். கூடமே சிரித்தது. அன்றிலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

ஆறாம் வீட்டில் இருந்தவர் தென்மாவட்டத்துக்காரர், தனி ஆள். பிறவியிலேயே அவர் தோலில் நிறம் இல்லை, இமை மயிர்கூட வெள்ளை. வெளிச்சம் பட்டால் கண்ணில் நீர் கொட்டும் என்பதால் வார்ப்புத் தொழிற்சாலையில் நிரந்தரமாக "நைட் ஷிப்ட்" கேட்டு வாங்கிக்கொண்டு, பகலில் ஜன்னலுக்குச் சாக்கு கட்டித் தூங்குவார். சாயங்காலம் குழாயடியில் கூட்டம் கலைந்த பிறகு வந்து ஒரு குடம் தண்ணீர் பிடிப்பார். வெற்றிலை போடுவதால் வாய் எப்போதும் சிவந்திருக்கும். ஏழெட்டு இடத்தில் முகத்தைப் பார்த்ததுமே "ரூம் காலி இல்லை" என்று சொன்ன பிறகு கிடைத்த வீடு இது என்று அப்பாவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். பொங்கலுக்கோ பிள்ளைகளின் பிறந்தநாளுக்கோ அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

அந்தப் படம் பார்த்த சில வாரங்களில், ஒரு சாயங்காலம், என் நான்கு வயதுத் தம்பி குழாயடியில் வழுக்கி விழுந்து மோவாயைக் கிழித்துக்கொண்டான். குடத்தைப் போட்டுவிட்டு அவனை வாரியெடுத்து ஓடிவந்தவர் அவர். கதவருகே நின்றிருந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சிவந்த வாயும், தம்பியின் கழுத்தில் வழிந்த ரத்தமும்தான். "அம்மா, தம்பிய கடிச்சிட்டான்!" என்று நான் கத்தினேன். உள்ளேயிருந்து பாய்ந்து வந்த அப்பா முதலில் அவரைத்தான் அறைந்தார்; பிள்ளையைப் பார்த்தது அதற்குப் பிறகு. அறை வாங்கியவர் தம்பியைக் கீழே விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு, படிக்கு வெளியே நின்றபடியே, "கல்லுல விழுந்துட்டான்ணே, தையல் போடணும், வெரசா தூக்கிட்டுப் போங்க" என்றார்.

மூன்று தையல். விழுந்த காயம்தான் என்று டாக்டரும் சொன்னார், "மாமாதான் தூக்குனாரு" என்று தம்பியும் சொன்னான். எனக்கு வயிறு எரிவது இங்கேதான். தெரியாமல் அடித்ததை மன்னித்துத் தொலைக்கலாம், தெரிந்த பிறகு செய்ததற்கு என்ன பெயர்? "உன்மேல தப்பு இல்லப்பா, ஆனா பசங்க பயப்படுதுங்கல்ல? வேற எடம் பாத்துக்கோ" என்றார் வீட்டுக்கார அம்மா. பக்கத்தில் நின்ற அப்பா தலையாட்டினார். சானமாவுக் காட்டிலிருந்து இறங்கி வந்து வயலைத் துவைக்கும் யானையையே கும்பிட்டு வழிவிடுகிற ஊர், ஒரு மனிதருக்கு ஓர் அறை விடவில்லை.

நல்ல மத்தியானத்தில் அவர் கிளம்பினார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, டிரங்குப் பெட்டியைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியப் போனார். மற்ற ஐந்து வீட்டுப் பிள்ளைகளும் வரிசையாக நின்று, அவர் மேலிருந்து புகை வருகிறதா என்று பார்த்தோம்.

அதற்குப் பிறகு சினிமாவில் ரத்தக்காட்டேரி எவ்வளவோ மாறிவிட்டான். அவன் நகம் குறைந்தது, பல் சிறுத்தது, கோட்டையை விட்டு ஊருக்குள் வந்தான், ஜீன்ஸ் போட்டான், காலேஜுக்குப் போனான், காதலித்தான், மனிதரைக் கடிக்க மாட்டேன் என்று அழவும் செய்தான். பத்தாவது படிக்கும் என் மகள் அப்படிப்பட்ட ஒருவனைப் போனில் பார்த்துவிட்டு, "பாவம்மா அவன், அவன் அப்படிப் பொறந்தது அவன் தப்பா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவள் மேல் அல்ல. கொன்று குடித்தவனுக்கு இரக்கம் காட்டச் சினிமாவுக்கு இத்தனை வருஷம் போதுமாக இருந்திருக்கிறது; அழகாக இருந்தால் போதும். குழந்தையைத் தூக்கி ஓடிவந்தவருக்கு எந்தப் படமும் வரவில்லை. நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த லைன் வீடு இப்போது இல்லை, அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. எல்லாவற்றையும் மகளிடம் சொல்லி முடித்ததும், "அவர் பேர் என்னம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கிருஷ்ணகிரியில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன்.

"எந்த ஆளுடி?" என்று சற்று யோசித்த அம்மா, பிறகு சிரித்துவிட்டார். "ஓ, ரத்தக்காட்டேரியா! நீ வெச்ச பேருதானே அது. அவன் நெசப் பேர யாரு கேட்டா?"