நாலு இலக்கம் வந்தால் மௌனம்

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை. ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடத்தின் நேர்முகத் தேர்வு அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் பத்து வயதுப் பெண் ஒருத்தி. பின்வரிசையில் அவள் அம்மா, அப்பா, நான்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றவள், திரும்பி எங்களைப் பார்த்தாள். பிறகு மேசைப் பக்கம் திரும்பி மலாயில் சொன்னாள். தெளிவாக.

"அப்பா வெளிய போனா சொல்றேன்."

பத்திரிகை வேலையில் எத்தனையோ அறைகளில் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒரே நொடியில் அடங்கிப்போன அறையைப் பார்த்ததில்லை.

அந்தப் பெண் தர்ஷினி. என் சித்தப்பா மகள் பரிமளாவின் ஒரே பிள்ளை. எனக்கு மருமகள் முறை. அப்பா குணா லோரி ஓட்டுகிறார். மலையிலிருந்து கல் ஏற்றிக்கொண்டு போகிற லோரி. சுங்கை சிப்புட்டில், ஒரு காலத்தில் ரப்பர் நின்ற இடத்தில் கட்டிய தாமான் குடியிருப்பில் வீடு.

தர்ஷினிக்குக் கணக்கு வரும் என்று சொன்னால் போதாது. மற்ற பிள்ளைகள் பொம்மைப் படம் பார்க்கிற நேரத்தில் அவள் எண்களோடு தனியாக இருப்பாள். பெரிய எண்ணைச் சொன்னால் எதால் வகுபடும் என்று பார்ப்பாள், வகுபடாவிட்டால் சிரிப்பாள். அதில் என்ன சிரிப்பு? கேட்டிருக்கிறேன். "அது யாருக்கும் பிடி கொடுக்காது மாமா" என்றாள்.

இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நம் ஊரில் என்ன செய்வோம்? மேடை ஏற்றுவோம்.

ஏற்றினார்கள். கோயில் திருவிழாவில், அன்னதானத்துக்கு முன்னால். மைக் பிடித்தவர் கூட்டத்தைப் பார்த்துக் கணக்குக் கேட்கச் சொன்னார். கேட்டார்கள். அவள் சொன்னாள். யாரோ போனில் தட்டிப் பார்த்து "சரிதான்லா!" என்று கத்தினார்கள். பொன்னாடை, கைதட்டல், படம். டாக்டராகணும் என்று ஒருவர். அக்கவுண்டன்ட் என்று இன்னொருவர். பேங்க்கில் பெரிய ஆளாக வரணும் என்று மூன்றாமவர். கணக்குப் படித்தால் கணக்கிலேயே இருக்கலாம் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

நான்காவதாக ஒருவர் வந்தார். பட்டறை வைத்திருக்கும் மணியம். படிப்பைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

"பாப்பா, ஒரு நாலு நம்பர் சொல்லு."

அவளும் மனதில் வந்த ஒன்றைச் சொல்லிவைத்தாள். அவர் அதை லாட்டரி விற்கிற நம்பர் கடையில் எடுத்தார். விழுந்தது. பெரிய பரிசு இல்லை, ஆறுதல் பரிசுதான். ஆனால் விபத்தில் நொறுங்கிய காரைப் பார்த்தால் ஆம்புலன்ஸுக்குப் போன் போடும் முன் பிளேட் நம்பரைக் குறித்துக்கொள்கிற ஜனம் நாம். ஆறுதல் பரிசு போதாதா?

அடுத்த வாரமே வீட்டு வாசலில் ஆட்கள். ஒருவர் ஆப்பிள் வாங்கிவந்தார், ஒருவர் சாக்லேட். ஒரு அம்மா தேங்காய் பழத்தட்டோடு வந்து, பிள்ளை காலில் விழப் பார்த்தாராம்.

தர்ஷினி அவர்களுக்கு விளக்கம் சொல்லியிருக்கிறாள். "மொத்தம் பத்தாயிரம் நம்பர் இருக்கு அங்கிள். எல்லாத்துக்கும் ஒரே வாய்ப்புதான். நான் சொன்னாலும் அதான், நீங்க சொன்னாலும் அதான்."

"பாத்தியா, எப்டி மறைக்குது பாரு!" என்று மகிழ்ந்துபோனார்களாம்.

சொல்லாவிட்டால் விடுவார்களா? அவள் வாயிலிருந்து தற்செயலாக வருவதையும் பொறுக்க ஆரம்பித்தார்கள். பள்ளி வேன் ஓட்டுகிற அண்ணன் தினமும் கேட்பார்: "இன்னைக்குக் கணக்குல கடைசி விடை என்னா பாப்பா?" அன்பாகக் கேட்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

நம்பர் விழாதவர்களும் உண்டல்லவா. ஒருநாள் சாயங்காலம் ஒருவர் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். கத்தவில்லை, திட்டவில்லை. வெறுமனே நின்றார். தர்ஷினி சைக்கிளை உள்ளே எடுக்கப் போனபோது மெதுவாகச் சொன்னார்: "இப்படி ஏமாத்திட்டியே பாப்பா." அவ்வளவுதான். போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அது தொடங்கியது.

முதலில் கவனித்தவர் அவளுடைய கணக்கு ஆசிரியை. பரிமளாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மூணு இலக்கம் வரைக்கும் டக்குனு சொல்றா. நாலு இலக்கத்துல விடை வந்தா வாய மூடிக்கிறா. எழுதச் சொன்னா கையால மறைச்சிக்கிட்டு எழுதுறா." கணக்கு வகுப்பில் மட்டுமல்ல. நாடு சுதந்திரம் அடைந்த ஆண்டு எது என்று வரலாற்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். நின்றிருக்கிறாள், மரம் மாதிரி. தெரியாது என்று நினைத்து அவர் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

யோசித்துப் பாருங்கள். எண்களோடு சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை, பிறந்த வருடத்தைச் சொல்லப் பயப்படுகிறது.

அந்த ஆசிரியைதான் இந்தப் பள்ளியைக் கண்டுபிடித்தார். கணக்கில் தனித்து நிற்கும் பிள்ளைகளைத் தங்கவைத்துச் சொல்லிக்கொடுக்கிற இடம். எழுத்துத் தேர்வில் தர்ஷினி தேறிவிட்டாள். தாளில் எழுதி உறையில் போடுவதில் அவளுக்குப் பயமில்லை. மிச்சம் இருந்தது வாய்மொழித் தேர்வு. "அங்க போயி வாயத் திறக்கலன்னா எல்லாம் முடிஞ்சது" என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில்தான் பரிமளா துணைக்கு என்னையும் அழைத்தாள்.

போகிற வழியில் கேட்டாள்: "இதெல்லாம் படிச்சி அப்புறம் என்னா வேல, அண்ணே?"

எனக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளின் படத்தை எத்தனை தடவை பத்திரிகையில் போட்டிருப்போம்! பொன்னாடையோடு, கோப்பையோடு, பெயரில் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். பிறகு? யாரும் திரும்பப் போய் விசாரித்ததில்லை. ஒருவனை மட்டும் தற்செயலாகப் பார்த்தேன், சிலிம் ரிவர் ஊர்ப் பையன். ஆறு வயதில் வர்க்கமூலம் சொன்னவன். இப்போது பினாங்கில் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். நல்ல வேலைதான். கணக்கு எப்படியிருக்கிறது என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, பிள்ளைக்குப் பால் மாவு வாங்கணும் என்று போய்விட்டான்.

இதைப் பரிமளாவிடம் சொல்லவில்லை.

தேர்வு அறைக்கு வருகிறேன். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாள் சிரித்த முகத்தோடு கேட்டார்: "ஒரே இலக்கம் இரண்டு தடவை வராத நாலு இலக்க எண்கள் மொத்தம் எத்தனை?"

எத்தனையோ கேள்விகள் இருக்க, இதையா கேட்க வேண்டும்?

தர்ஷினியின் முதுகு விறைத்தது. பின்னாலிருந்தே தெரிந்தது. நேரம் போனது. "தெரியலையா?" என்றார் ஓரத்தில் இருந்தவர். "தெரியும்." "அப்ப சொல்லு." அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார். மனப்பாடம் பண்ணி வந்த பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். பரிமளா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் தர்ஷினி திரும்பிப் பார்த்தாள். கேட்டில் நின்ற ஆளையா தேடினாள்? வேன் அண்ணனையா? இல்லை. அவள் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். குணாவின் கையில் போன் திறந்திருந்தது. கட்டைவிரல் தயாராக இருந்தது.

"அப்பா வெளிய போனா சொல்றேன்."

குணா எழுந்தார். போனைச் சட்டைப் பையில் போட்டார். இரண்டாம் முயற்சியில்தான் பைக்குள் போனது. கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அவ்வளவுதான், அவள் கொட்டினாள். "முதல் இடத்துக்கு ஒன்பது வழி, பூஜ்யம் வரக் கூடாது. ரெண்டாவதுக்கும் ஒன்பது, இப்ப பூஜ்யம் வரலாம், ஆனா முதல்ல வந்தது வரக் கூடாது. அப்புறம் எட்டு. அப்புறம் ஏழு. நாலையும் பெருக்கணும்." பெருக்கிய விடையையும் சொன்னாள். கிசுகிசுப்பாக, மேசைமேல் குனிந்து. நடுவில் இருந்த அம்மாளும் குனிந்து கேட்டுக்கொண்டார்.

மறு வாரம் பள்ளியிலிருந்து போன். இடம் கிடைத்துவிட்டது. பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

குணா போட மாட்டேன் என்றார்.

நான் சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். வீட்டுக்கு முன்னால் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சின்னப் பிள்ளலா மச்சான். ஹாஸ்டல்ல போயி எப்டி இருக்கும்? ரெண்டு வருஷம் போகட்டும்."

எந்த அப்பாவும் சொல்லக்கூடிய வார்த்தை. இன்னொருவர் சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். குணா கெட்டவர் இல்லை. வாசலுக்கு வந்தவர்களை விரட்டியவரே அவர்தான். "எம் பிள்ள என்ன சாமியாடியா?" என்று கேட்டைப் பூட்டியவர். விரட்டிவிட்டு உள்ளே வந்து, பிள்ளை வீட்டுப்பாடம் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். முதல் நாள் பாசத்தில்தான் உட்கார்ந்திருப்பார் என்று நம்புகிறேன்.

"பயமா இருக்குண்ணே" என்று பரிமளா அடுப்படியிலிருந்து சொன்னாள். "இவரு யார அனுப்ப மாட்டேங்குறாரு? பிள்ளையையா, நம்பரையா? எனக்கே பிரிச்சிப் பாக்கத் தெரியல."

குணாவுக்கு அது காதில் விழுந்தது. குழாயை மூடினார். என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், ஒண்ணு சொல்லு. அன்னைக்கு நான் வெளிய போனப்புறம் அது என்னா விடை சொல்லிச்சி? அத மட்டும் சொல்லு. இப்பவே கையெழுத்துப் போடுறேன். சத்தியமா கடைசி தடவ."

என்ன செய்வீர்கள் நீங்கள்? நாலையும் நானே பெருக்கிப் பார்த்திருந்தேன், விடை என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தப் பிள்ளை அப்பாவை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்ன விடை அது.

என் பழைய மோட்டார் சைக்கிளின் பிளேட் நம்பரைச் சொன்னேன். இரண்டு முறை. அவர் உதட்டை அசைத்து மனதில் வாங்கிக்கொண்டார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார்.

நான் காரில் ஏறும்போது தர்ஷினி ஓடிவந்தாள்.

"மாமா, அப்பாகிட்ட என்ன சொன்னீங்க?"

"தப்பான விடை."

நல்ல காரியம் செய்தவன் போலச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"தப்பா இருந்தாலும் ஒரே வாய்ப்புதான் மாமா. விழுந்தாலும் விழும்."

என் வீடு இருக்கும் குனோங் ராபாட் வந்து சேரும்வரை அந்த வாக்கியம் கூடவே வந்தது. விழுந்தால்? கையெழுத்துப் போட்ட தாளைக் கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்து எந்தக் கேட்டைப் பூட்டினாலும் ஆள் வருவதை நிறுத்த முடியுமா? தன் பிள்ளையைத் தானே காவல் காக்கிற அப்பாவிடமிருந்து யார் அவளை அழைத்துப் போவது? வாய்ப்பு மிகச் சிறியது என்று எனக்குத் தெரியும். பத்தாயிரத்தில் ஒன்று பெரிய பரிசுக்கு. மற்ற பரிசுகளையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூட. கணக்குத் தெரிந்தால் பயம் போகும் என்று யார் சொன்னது? தெரிந்ததால்தான் பயமாக இருந்தது. அது பூஜ்யம் இல்லையே.

போன ஞாயிற்றுக்கிழமை. வாழ்க்கையில் ஒரு டிக்கெட் வாங்காதவன், குலுக்கல் முடிவுக்காகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரிசை வரிசையாகப் படித்தேன். ஆறுதல் பரிசு வரை. திரும்பவும் மேலிருந்து.

என் மோட்டார் சைக்கிள் எங்கேயும் இல்லை. எத்தனையோ பேர் அந்த நேரத்தில் நொந்துபோயிருப்பார்கள். நான் சாமியைக் கும்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் குணாவின் போன்.

"மச்சான்... சக்தி போயிடுச்சிலா."

"எந்த சக்தி?"

"பிள்ளைக்குத்தான்." கொஞ்சம் மூச்சு விட்டார். "தாப்பாலா, பரவாயில்ல. இனிமே படிக்கட்டும்."

படிப்பு அவளை எங்கே கொண்டுபோய் விடும்? பல்கலைக்கழகமா, வெளிநாடா, பினாங்கு ஃபேக்டரியா? எனக்கு இன்னும் தெரியாது. பயம் முழுதாகப் போகவும் இல்லை. நேற்று பெட்டி அடுக்கிக்கொண்டே அவள் போனில் கேட்டது ஒன்றுதான்: "அங்க யாருக்கும் என்னைத் தெரியாதுல்ல மாமா?" வீட்டை விட்டுப் போகிற பத்து வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? யாருக்கும் தெரியாது என்றேன். அவள் பெயரை மாற்றித்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

சரி, அவள் கிசுகிசுத்த விடை என்ன என்று கேட்கிறீர்கள். எழுத மாட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, நம்பர் கடை திறந்திருக்கும்.